குடியிலிருந்து மீள்வோர் கூடும் இடம்: பட்டியலைப் படிப்பதும் ஆளைக் கண்டடைவதும்

குடியை விட்டுவிட வேண்டும் என்று முடிவெடுத்த ஒருவர், தன் பகுதியில் ஆதரவுக் குழுவின் கூட்டம் எங்கே, எப்போது நடக்கிறது என்று தேடத் தொடங்கியதும் சில புதிர்களைச் சந்திக்கிறார். முகவரி இருக்கும், அங்கே போனால் பெயர்ப்பலகை இருக்காது. நேரம் போட்டிருக்கும், தொலைபேசி எண் இருக்காது. எண் இருந்தாலும் அதை எடுப்பவர் அந்தக் கூட்டத்துக்கே போகாதவராக இருப்பார். ஒரே பெயரில் இயங்கும் இரண்டு குழுக்களில் ஒன்று துணைக்கு வந்த மனைவியையும் உட்காரச் சொல்லும், மற்றொன்று அவரை வெளியே காத்திருக்கச் சொல்லும். இதில் கவனக்குறைவுக்கும் ஓரளவு பங்குண்டு. ஆனால் பெரும்பாலான புதிர்கள், இந்தக் குழுக்கள் எந்தக் கொள்கைகளின் மேல் கட்டப்பட்டனவோ அவற்றிலிருந்தே பிறப்பவை. அந்தக் கட்டமைப்பைப் புரிந்துகொண்டவருக்குத் தேடும் வேலை வெகுவாகக் குறைகிறது.

உலகில் மிகப் பரவலாக இருப்பது, ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இருவர் சந்தித்ததில் தொடங்கிய இந்த இயக்கம், இன்று ஏறத்தாழ 180 நாடுகளில் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் அதிகமான குழுக்களாக விரிந்திருக்கிறது. இவ்வளவு பெரிய அமைப்புக்குத் தலைவர் இல்லை, உறுப்பினர் பதிவேடு இல்லை, சந்தா இல்லை, கிளைகளுக்கு உத்தரவிடும் தலைமையகமும் இல்லை. இருப்பவை பன்னிரண்டு படிகளும் பன்னிரண்டு மரபுகளும். படிகள் தனிமனிதர் குடியிலிருந்து மீள்வதற்கானவை. மரபுகள் குழுக்கள் சிதறாமல் இருப்பதற்கானவை. 1946இல் எழுதி வெளியிடப்பட்டு 1950இல் இயக்கம் முழுவதும் ஏற்றுக்கொண்டவை. கூட்டத்தைத் தேடுகிறவர் படிகளை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம். மரபுகளில் நான்கைந்தைத் தெரிந்துகொள்வது உடனடிப் பயன் தரும்.

ஒவ்வொரு குழுவும் தன் காரியங்களைத் தானே முடிவு செய்யும் என்கிறது ஒரு மரபு. ஆகவேதான் கூட்டத்தின் நேரமும் வடிவமும் வழக்கங்களும் குழுவுக்குக் குழு மாறுகின்றன. விளம்பரத்தின் மூலம் ஆள் சேர்ப்பதில்லை, ஈர்ப்பின் மூலமே வளர்வது என்கிறது மற்றொன்று. பெயர்ப்பலகையும் சுவரொட்டியும் அரிதாக இருப்பதற்கு அதுவே காரணம். வெளியாரிடமிருந்து பணம் பெறுவதில்லை, உறுப்பினர்கள் போடும் காசிலேயே செலவைப் பார்த்துக்கொள்வது என்கிறது இன்னொன்று. அதனால் சொந்தக் கட்டடமோ சம்பளத்துக்கு ஆளோ பெரும்பாலும் இருப்பதில்லை, வாடகைக்குக் கிடைத்த அறையில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் மட்டுமே குழு கண்ணுக்குத் தெரிகிறது. உறுப்பினராவதற்கு ஒரே தகுதி குடியை நிறுத்தும் விருப்பம்தான் என்பது மூன்றாம் மரபு. முழுமையாக நிறுத்தியிருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. முந்தைய இரவு குடித்தவரும் காலையில் வரலாம். கூட்டத்தைக் குலைக்காமல் அமர்ந்திருந்தால் போதும்.

பட்டியலை யார் தயாரிக்கிறார்கள் என்ற கேள்வி இங்கே வருகிறது. ஒரு நகரத்திலோ வட்டாரத்திலோ உள்ள குழுக்கள் சேர்ந்து இன்டர்குரூப் என்ற பொதுச் சேவை ஏற்பாட்டை வைத்துக்கொள்கின்றன. ஹெல்ப்லைனை நடத்துவதும் கூட்டங்களின் அட்டவணையை வெளியிடுவதும் அதன் முக்கிய வேலைகள். அந்த வேலையைப் பெரும்பாலும் செய்பவர்கள், தாங்களும் குடியிலிருந்து மீண்டு வரும் தன்னார்வலர்களே. ஒரு குழு இடம் மாறினால் யாராவது ஒருவர் நினைவு வைத்து இன்டர்குரூப்புக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பழைய முகவரி ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். ஏ.ஏ.யின் அதிகாரபூர்வக் கைபேசிச் செயலியான மீட்டிங் கைடு கூட இந்த உள்ளூர் ஏற்பாடுகள் தரும் தகவலைத் திரட்டித்தான் காட்டுகிறது; தனியாகச் சரிபார்ப்பதில்லை. 2020இல் பெருந்தொற்றின்போது நேரடிக் கூட்டங்கள் திடீரென்று காணொளிக்கு மாறின. அவற்றில் சில திரும்ப அறைக்கு வந்தன, சில வரவில்லை, சில இரண்டு விதமாகவும் நடக்கின்றன. எனவே எந்தப் பட்டியலையும் ஒரு குறிப்பாகக் கொள்வதும், கிளம்பும் முன் ஒரு முறை உறுதிப்படுத்திக்கொள்வதும் நல்லது.

பட்டியலில் வழக்கமாகக் காணும் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 'செவ்வாய், மாலை 7.00. மூடிய கூட்டம். படிகள். பக்கவாட்டு வாசல், முதல் மாடி.' இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் உண்டு. மூடிய கூட்டம் என்றால் குடிப்பழக்கத்தில் சிக்கியவர்களுக்கும், தனக்கு அந்தச் சிக்கல் இருக்கக்கூடும் என்று நினைப்பவர்களுக்கும் மட்டும். அதில் உட்காருவதற்குத் தன்னைக் குடிநோயாளி என்று அறிவித்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குடியை நிறுத்த விரும்புகிறேன் என்ற எண்ணமே நுழைவுச் சீட்டு. திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தினர், நண்பர்கள், மாணவர்கள், மருத்துவத் துறையினர் என யாரும் வரலாம். தனியாகப் போகத் தயங்குபவர் யாரையாவது துணைக்கு அழைத்துச் செல்ல விரும்பினால் திறந்த கூட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த ஒரு விவரத்தைக் கவனிக்காமல் போய் வாசலில் தர்மசங்கடப்பட்டு, அத்தோடு முயற்சியையே கைவிடுபவர்கள் உண்டு. 'படிகள்' என்பது அன்றைய பேச்சு பன்னிரண்டு படிகளில் ஒன்றைப் பற்றியது என்பதைக் குறிக்கிறது. அதற்குப் பதிலாகக் கலந்துரையாடல், பேச்சாளர், நூல் வாசிப்பு, புதியவர்களுக்கானது, பெண்களுக்கு மட்டும் என்றெல்லாம் இருக்கலாம். பல பட்டியல்களில் இவை ஒற்றை எழுத்துக் குறிகளாகச் சுருங்கியிருக்கும். விளக்கம் பக்கத்தின் அடியிலோ ஓரத்திலோ இருக்கும். முதல் முறை போகிறவருக்குப் பேச்சாளர் கூட்டம் எளிது என்பது என் கருத்து. அதில் ஒருவர் தன் கதையைச் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள், புதியவர் பேச வேண்டிய நெருக்கடி ஏற்படாது.

கூட்டத்தின் உள்ளே நடப்பது பெரும்பாலானவர்கள் அஞ்சுவதைவிட எளிமையானது. நடத்துபவர் ஒரு முன்னுரையை வாசித்துத் தொடங்குகிறார். ஒவ்வொருவரும் தன் முதல் பெயரை மட்டும் சொல்லி, விரும்பினால் 'நான் ஒரு குடிநோயாளி' என்று சேர்த்துக்கொள்கிறார். மற்றவர்கள் அந்தப் பெயரைச் சொல்லி வணக்கம் தெரிவிக்கிறார்கள். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசுவதோ, பேசி முடித்ததும் அவருக்கு அறிவுரை வழங்குவதோ பல குழுக்களில் வழக்கமில்லை. தன் முறை வந்ததும் 'இன்று கேட்க மட்டும் வந்திருக்கிறேன்' என்று சொன்னால் அடுத்தவருக்குப் போய்விடும். நடுவில் காணிக்கைப் பை சுற்றி வரும். புதியவர் அதில் ஒன்றும் போட வேண்டியதில்லை. குடிக்காமல் இருந்த காலத்தைக் குறிக்கும் சிறு வில்லைகள் சில இடங்களில் வழங்கப்படுகின்றன. அவற்றுள் முதலாவது 24 மணி நேரத்துக்கானது. கூட்டம் முடிந்த பிறகு நாற்காலிகளை மடித்து வைக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் உண்மையான அறிமுகங்கள் நடக்கின்றன. தொலைபேசி எண்களும் அப்போதுதான் கைமாறுகின்றன. முடிந்த உடனே வெளியேறிவிடுபவர் அந்தப் பகுதியை இழந்துவிடுகிறார்.

இனி, இந்தத் தேடலில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் விஷயத்துக்கு வருகிறேன். முகவரியும் நேரமும் கையில் இருப்பதால் மட்டும் மனிதர்கள் கூட்டத்துக்குப் போய்விடுவதில்லை. 1981இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சிகிச்சைக்கு வந்த 20 பேரை ஆய்வாளர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கூட்டங்களின் நேரத்தையும் இடத்தையும் சொல்லிப் போகும்படி ஊக்குவித்தார்கள். மறுபாதியினரை, ஆலோசனை நடக்கும்போதே குழு உறுப்பினர் ஒருவரோடு தொலைபேசியில் பேச வைத்தார்கள். அந்த உறுப்பினர் கூட்டத்துக்குத் தானே உடன் வருவதாகச் சொன்னார். முதல் பாதியில் ஒருவர்கூடப் போகவில்லை. இரண்டாம் பாதியில் அத்தனை பேரும் போனார்கள். இருபது பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது என்பது உண்மையே. ஆயினும் இந்தத் துறையில் பணிபுரிவோர் அன்றாடம் காண்பதோடு அது பொருந்துகிறது. கூட்டத்தைத் தேடுபவர் உண்மையில் கண்டடைய வேண்டியது வாசலில் தன்னை எதிர்பார்த்து நிற்கும் ஒரு மனிதரை.

ஏ.ஏ. பிறந்த கதையும் ஒரு தொலைபேசி அழைப்பில்தான் தொடங்குகிறது. நியூயார்க்கைச் சேர்ந்த பில் வில்சன் 1934 டிசம்பரில் குடியை நிறுத்தியிருந்தார். 1935 மே மாதம் ஆக்ரனுக்குப் போன தொழில் முயற்சி தோற்று, ஒரு விடுதியின் முகப்புக் கூடத்தில் தனியாக நின்றார். மதுக்கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. உள்ளே போவதற்குப் பதிலாக, அங்கிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாரை அழைத்தார். அவர் தந்த பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்து, கடைசியில் ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண்மணியை அடைந்தார். குடியால் சீரழிந்துகொண்டிருந்த அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தை அவர் மறுநாளே தன் வீட்டுக்கு வரவழைத்தார். 15 நிமிடத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று சொல்லி வந்த ஸ்மித், 6 மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சந்திப்புக்குப் பிறகு ஒரு முறை அவர் மீண்டும் குடிக்கவும் செய்தார். அவர் கடைசியாகக் குடித்த நாளான 1935 ஜூன் 10ஐத்தான் இயக்கம் தன் பிறந்த நாளாகக் கொள்கிறது. அன்று கையிலிருந்த பட்டியல் குடிநோய்க்கானதே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதைக் கொண்டு ஒரு ஆளை அடைய முடிந்தது, அவ்வளவுதான்.

ஆகவே ஹெல்ப்லைனை அழைக்கும்போது முகவரியை மட்டும் கேட்டு வைத்துவிடாமல், 'நான் இதுவரை வந்ததில்லை. என்னோடு பேசவோ வாசலில் சந்திக்கவோ யாராவது இருப்பார்களா?' என்று கேட்பது பலன் தரும். பெண்ணாக இருந்தால் பெண் உறுப்பினர் ஒருவரோடு பேச வேண்டும் என்று கேட்கலாம். இப்படிப் பேசுவதும் சந்திப்பதும் உறுப்பினர்கள் தங்கள் மீட்சியின் ஒரு பகுதியாகவே செய்வது. பன்னிரண்டாம் படி சொல்வதும் அதையே. கேட்பவர் தயக்கத்தோடு கேட்பார், ஆனால் எதிர்முனையில் இருப்பவருக்கு அது தொந்தரவாக இருப்பதில்லை.

அழைக்கும் எண் யாருடையது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் தேடினால் மேலே வருபவற்றில் சில, உதவி மையம் போலத் தோற்றமளித்து, அழைப்பவரைக் கட்டணச் சிகிச்சை விடுதிகளுக்கு அனுப்பிவைக்கும் வணிகத் தளங்கள். குழுக்களின் பெயர்களையும் கூட்ட நேரங்களையும் அவையும் வெளியிட்டிருக்கும். எடுத்த எடுப்பிலேயே காப்பீடு இருக்கிறதா, பணம் யார் கட்டுவார்கள், முழுப் பெயர் என்ன என்று கேட்டால், அது ஆதரவுக் குழுவின் எண் இல்லை என்று கொள்ளலாம். சிகிச்சை விடுதிகள் தவறானவை என்று சொல்ல வரவில்லை. பலருக்கு அவை தேவைப்படுகின்றன. ஆனால் இலவசக் கூட்டத்தைத் தேடி வந்தவர் அங்கே தெரியாமல் போய்ச் சேரக் கூடாது.

மருத்துவம் குறித்து ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நாள்தோறும் அதிகமாகக் குடித்து வந்தவர் கூட்டத்துக்குப் போகும் உற்சாகத்தில் ஒரே நாளில் முற்றிலும் நிறுத்துவது ஆபத்தாக முடியலாம். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை ஆகியவை தொடங்கும். சிலருக்கு முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரும். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள், இல்லாதவற்றைக் கண்டு பிதற்றும் டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற நிலை ஏற்படக்கூடும். சிகிச்சை இல்லாவிட்டால் அது உயிரைப் பறிக்கும். முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்தவர்களும், காலையில் எழுந்ததும் நடுக்கம் தீரக் குடிக்க வேண்டியிருப்பவர்களும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆதரவுக் குழு மருத்துவமனைக்கு மாற்று ஆகாது. அங்கே இருப்பவர்கள் மருத்துவர்களும் இல்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த மனநல மருந்துகளை நிறுத்தச் சொல்லும் உறுப்பினரை எங்காவது சந்திக்க நேர்ந்தால், உறுப்பினர் எவரும் மருத்துவராக நடந்துகொள்ளக் கூடாது என்று ஏ.ஏ.யின் வெளியீடுகளே அறிவுறுத்துகின்றன என்பதை நினைவில் கொள்ளலாம்.

கடவுள் பற்றிய பேச்சு சிலரைத் தொடக்கத்திலேயே விலக்கிவிடுகிறது. பன்னிரண்டு படிகளில் கடவுள் பலமுறை வருகிறார். 'நாம் புரிந்துகொண்ட விதத்தில்' என்ற அடைமொழியோடு வந்தாலும் வருகிறார். ஒரு குழு அதை வழிபாட்டுக்கு அருகில் கொண்டுபோகும், இன்னொரு குழு குழுவையே தனக்கு மேற்பட்ட சக்தியாகக் கொள்ளும். இறைநம்பிக்கை இல்லாதவர்களுக்கென்றே நடக்கும் கூட்டங்களும் ஏ.ஏ.வுக்குள் உண்டு, பட்டியலில் மதச்சார்பற்ற கூட்டம் என்று குறித்திருப்பார்கள். கூட்டம் ஒரு மதத்துக்குரிய கட்டடத்தில் நடப்பதால் அந்த மதத்தோடு அதற்குத் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. அங்கே அறை மலிவாகக் கிடைத்திருக்கும். படிகளே வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. 1994 முதல் இயங்கும் ஸ்மார்ட் ரெகவரி, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றக் கற்பிக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் உத்திகளை, பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளரின் துணையோடு கற்றுத் தருகிறது. பெண்களுக்கென ஜீன் கர்க்பாட்ரிக் 1970களின் நடுவில் தொடங்கியது விமன் ஃபார் சொப்ரைட்டி. லைஃப்ரிங் முற்றிலும் மதச்சார்பற்றது. இவற்றின் நேரடிக் கூட்டங்கள் எண்ணிக்கையில் குறைவு. பல இடங்களில் காணொளி வழியாகவே சேர முடியும்.

இவற்றால் பலன் உண்டா என்ற கேள்விக்கு நீண்ட காலம் திடமான விடை இல்லாமல் இருந்தது. பெயரில்லாமல் வந்துபோகும் மனிதர்களை ஆய்வுக்கு உட்படுத்துவது எளிதல்ல. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் நிறுவனம் 2020இல் வெளியிட்ட மதிப்பாய்வு, 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஏ.ஏ.யில் சேரும்படி முறையாக வழிகாட்டும் சிகிச்சை, குடியைத் தொடர்ந்து முழுமையாகத் தவிர்ப்பதில், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்ற பிற முறைகளைவிட மேலான பலனைத் தந்தது என்பது அதன் முடிவு. ஓராண்டுக்குப் பின் முழுமையாகக் குடிக்காமல் இருந்தவர்கள் ஏ.ஏ.க்கு வழிகாட்டும் சிகிச்சையில் 42 விழுக்காடு என்றும் பிற முறைகளில் 35 விழுக்காடு என்றும் ஆய்வாளர்கள் குறிப்பிட்டார்கள். இதைச் சரியான அளவில் படிக்க வேண்டும். வேறுபாடு உண்மையானது, அதே நேரத்தில், பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த ஓராண்டில் எப்போதாவது குடித்தார்கள் என்பதும் அதே எண்களில் இருக்கிறது. மீண்டும் குடித்துவிட்டவர் குழுவுக்குத் திரும்புவது அங்கே அன்றாட நிகழ்ச்சி. யாரும் கணக்குக் கேட்பதில்லை.

ஒரே ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டு எனக்குச் சரிப்படாது என்று முடிவுகட்டுவதுதான் மிகப் பரவலான இழப்பு. குழுக்கள் தன்னாட்சி கொண்டவை என்பதால் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை எடைபோட முடியாது. ஒரு குழுவில் பணி ஓய்வு பெற்ற முதியவர்கள் நிறைந்திருப்பார்கள், அடுத்த தெருவில் நடப்பதில் இளைஞர்கள் இருப்பார்கள். ஒன்றில் இறுக்கம், இன்னொன்றில் சிரிப்பு. நேரம், மொழி, வடிவம் ஆகியவற்றில் வேறுபட்ட ஐந்தாறு கூட்டங்களுக்காவது போய்ப் பார்த்து, அவற்றில் ஒன்றைத் தன் குழுவாக வைத்துக்கொள்வது அனுபவசாலிகள் பரிந்துரைக்கும் வழி. முதல் தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்று சொல்வதும் உண்டு. அது வழக்கம், விதி அல்ல. படிகளின் ஊடே வழிநடத்தும் மூத்த உறுப்பினரை ஸ்பான்சர் என்பார்கள். அவரைத் தேர்ந்தெடுக்க அவசரம் வேண்டாம். புதியவர்களின் பலவீனமான மனநிலையைப் பயன்படுத்திக் காதல் உறவுக்கோ பண உதவிக்கோ நெருங்குபவர்கள் எல்லாத் திறந்த அமைப்புகளிலும் இருப்பது போல இங்கேயும் இருக்கக்கூடும். காதல் உறவுக்கு இடமில்லாதபடி ஸ்பான்சரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வழக்கம் அதற்காகவே. அறையில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது எல்லோரும் மதிக்கும் மரபுதான். ஆனால் மருத்துவரிடமோ வழக்கறிஞரிடமோ பேசுவதற்குள்ள சட்டப் பாதுகாப்பு அதற்கு இல்லை. வழக்கில் சிக்கக்கூடிய விவரங்களை அறையில் சொல்லாமல் இருப்பதே விவேகம்.

குடிப்பவர் வர மறுத்தாலும் வீட்டிலுள்ளவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. 1951இல் வில்சனின் மனைவி லோயிஸும் மற்றொருவரும் சேர்ந்து தொடங்கிய அல்-அனான், குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கும் நண்பர்களுக்குமான தனி இயக்கம். அதன் பகுதியான அலாட்டீன் 1957 முதல் வளரிளம் பருவத்தினருக்காக இயங்குகிறது. அவற்றின் பட்டியல்கள் தனியானவை, ஏ.ஏ. பட்டியலில் தேடினால் கிடைக்காது. குடிப்பவரைத் திருத்தும் உத்திகளை அங்கே எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாற்றமடைவார், ஏனென்றால் பேச்சு முழுவதும் போகிறவரின் சொந்த வாழ்க்கையைப் பற்றியதாகவே இருக்கும்.

அருகில் எந்தக் கூட்டமும் இல்லாதவர்களுக்குக் காணொளிக் கூட்டங்களும், குரல் மட்டும் கேட்கும் தொலைபேசிக் கூட்டங்களும் இருக்கின்றன. எந்த நாட்டிலிருந்தும் எந்த நேரத்திலும் ஏதாவது ஒன்றில் சேர முடிகிறது. முகத்தைக் காட்டாமல், புனைபெயரோடு கேட்டுக்கொண்டிருப்பதற்குப் பெரும்பாலானவற்றில் தடையில்லை. நேரடியாகத்தான் வேண்டும் என்பவர் தாமே ஒரு குழுவைத் தொடங்கவும் வழியிருக்கிறது: குடியிலிருந்து மீள்வதற்காக இரண்டு மூன்று பேர் கூடினால், வேறு எந்த அமைப்போடும் இணையாத வரை, அவர்கள் தங்களை ஏ.ஏ. குழு என்று அழைத்துக்கொள்ளலாம் என்கிறது மரபுகளின் விரிவான வடிவம். அனுமதி வாங்க வேண்டியதில்லை. அந்த நாட்டிலுள்ள ஏ.ஏ.யின் பொதுச் சேவை அலுவலகத்துக்கு எழுதினால் புதிய குழுக்களுக்கான கையேடுகள் கிடைக்கும். கிழமையும் நேரமும் இடமும் முடிவானதும் வட்டார இன்டர்குரூப்புக்குத் தெரிவித்தால் பட்டியலில் ஏற்றிவிடுவார்கள்.